இருபது மில்லி கணக்கு

சாலையில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் மாட்டுங்காவின் காம்பவுண்டுகளிலும் மோட்டோகிராஸ் மண் தடங்களிலும் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. எத்தனை நாள் இருக்கும் என்பது டாங்கில் ஊற்றும் கலவையைப் பொறுத்தது. அந்தக் கலவையோ இப்போது பழைய கலவை அல்ல.

மழைக்காலத்தில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் முதலில் நிற்பது தண்ணீர். அடுத்து நிற்பது வண்டிகள். ஒவ்வொரு ஜூலையிலும் மும்பைச் செய்திகளில் தவறாமல் அடிபடும் பெயர்கள் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான். இரண்டு நாள் கொட்டிய மழை விட்டதும், கட்டிடத்தின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த ஒரு பழைய பஜாஜையோ யமஹாவையோ வெளியே எடுத்து உதைத்துப் பாருங்கள். ஒரு இருமல், கொஞ்சம் வெண்புகை, பிறகு மௌனம். பத்து உதைக்குப் பிறகு எப்படியோ கிளம்பினாலும் சயான் சிக்னலுக்குள் இழுவை குறைந்து சூடேறி நின்றுவிடும். உரிமையாளர் உடனே எடுக்கும் முடிவு ஒன்றுதான்: ஆயில் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்று.

பல வீடுகளில் தலைமுறையாக வந்த வைத்தியம் இது. இன்றைய பெட்ரோலில் இதுதான் இன்ஜினுக்குக் கேடு.

மும்பைத் தமிழர்களுக்கும் டூ ஸ்ட்ரோக்குக்கும் உள்ள உறவு நீளமானது. மாட்டுங்காவில் ஆட்டோ ரிக்‌ஷா கிடையாது. சயானைத் தாண்டினால்தான் ஆட்டோ. எனவே பஸ், ரயில், டாக்சி போக மிச்சமிருந்தது சொந்த ஸ்கூட்டர். மத்திய ரயில்வே தடத்தில் வடக்கே போனால் வரும் பாண்டுப்பில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்களைத் தயாரித்தது. புனேயிலிருந்து வந்த பஜாஜுக்கோ வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன், வீட்டுக்கு ஸ்கூட்டர் என்று வரிசையாகக் கவலைப்பட்ட காலம். பிறகு 1983-ல் ராஜ்தூத் 350, 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100. ஸ்கூட்டர் அப்பாவுடையது என்றால் ஆர்எக்ஸ் 100 பிள்ளையுடையது. 1996-ல் அதன் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு மைசூரில் எஸ்டி தயாரித்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையும் மூடப்பட்டது. வண்டிகள் மட்டும் சாகவில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஆர்எக்ஸ் 100-க்கு இன்று கேட்கப்படும் விலை, அன்று ஷோரூமில் புதிதாக விற்ற விலையைப் போலப் பல மடங்கு.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களும் சரி, மண் தடத்தில் பாயும் மோட்டோகிராஸ் வண்டியை வாங்கியிருக்கும் இளைஞர்களும் சரி, கேட்கும் கேள்வி ஒன்றே: லிட்டருக்கு எத்தனை மில்லி?

அதற்குமுன் ஏன் மில்லி என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் அடியில் தனியாக ஆயில் நிற்கும். பம்ப் அதைச் சுற்றிச் சுற்றி அனுப்பும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த இடத்துக்கு வேறு வேலை. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த புகைமூட்டம் முதலில் கிராங்க் அறைக்குள்தான் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அங்கிருந்து சிலிண்டருக்குத் தள்ளப்படுகிறது. அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க வழியில்லை. ஆகவே பெட்ரோலோடு ஆயிலும் பயணம் செய்ய வேண்டும். போகிற வழியில் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்து சைலன்சர் வழியே போய்விடும். ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறியும் ஆயில். ஊற்றிய ஆயில் குறைந்தால் அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'சீஸ்' ஆகிவிட்டது என்கிறார்கள். அடுத்த செலவு ரீபோர், புது பிஸ்டன், புது ரிங்.

கணக்கு எளிது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 40-க்கு 1 என்றால் 25. 32-க்கு 1 என்றால் 31 மில்லி சொச்சம். 25-க்கு 1 என்றால் 40. பஜாஜ் ஸ்கூட்டர்களுக்கு 2 சதவீதம், அதாவது அந்தப் பிரபலமான 20 மில்லி. ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. பழைய லாம்ப்ரெட்டா, ஜாவா வகைகள் இன்னும் கூடுதலாகக் கேட்டன. ஆர்எக்ஸ் 100 இந்தச் சிக்கலே வேண்டாம் என்று தனி ஆயில் டாங்கோடும் பம்போடும் வந்தது. யமஹா 1964-ல் அறிமுகப்படுத்திய 'ஆட்டோலூப்' முறை அது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகுகிறோமோ அதற்கேற்ப ஆயில் போகும். இதில் ஒரே அபாயம், ஆயில் டாங்க் காலியானதைக் கவனிக்காமல் ஓட்டுவது. பெட்ரோல் இருக்கும், இன்ஜின் இருக்காது.

மோட்டோகிராஸ் வண்டிகளில் கணக்கு மாறுகிறது. யமஹா ஒய்இசட் 125-க்கு நிறுவனம் சொல்வது 30-க்கு 1. கேடிஎம் தன் 125, 150 சிசி வண்டிகளுக்கு 40-க்கு 1 என்றும், கார்புரேட்டர் வைத்த 250, 300 சிசி வண்டிகளுக்கு 60-க்கு 1 என்றும் சொன்னது. பெரிய இன்ஜினுக்குக் குறைவான ஆயிலா என்று வியப்பவர்கள் உண்டு. இன்ஜினின் அளவல்ல, சுழலும் வேகம்தான் ஆயிலைக் கேட்கிறது. சின்ன இன்ஜின் சக்தி தர வேண்டுமானால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் அலற வேண்டும். 300 சிசி வண்டிக்கு அந்த அவசியம் இல்லை. மெதுவாகச் சுழன்றே மலையேறிவிடும். 2024 ஜனவரியில் புனேயில் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீகில் சிறுவர்களுக்கு 85 சிசி பிரிவு இருந்தது. இந்த அளவு மோட்டோகிராஸ் வண்டிகள் டூ ஸ்ட்ரோக்தான். ஆக, பிள்ளையை மண் தடத்துக்கு அனுப்பும் பெற்றோரும் இந்த மில்லி கணக்கைப் படித்தாக வேண்டியிருக்கிறது.

கூட ஊற்றினால் என்ன கெட்டுவிடும்? பிளக் கறுக்கும், புகை வரும், பிஸ்டன் தலையில் கரி படியும். இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது வேறொன்று. கார்புரேட்டரின் ஜெட் என்பது ஒரு சின்னத் துளை. அதன் வழியே ஒரு வினாடிக்கு இவ்வளவு திரவம்தான் போகும். அந்தத் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. 20 மில்லியை 40 ஆக்கினால் இன்ஜினுக்குக் கிடைக்கும் பெட்ரோல் ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். ஆயில் கூடியதால் கலவை சற்றுக் கெட்டியாகி ஜெட்டில் மெதுவாகவும் போகும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையை மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள். லீன் ஆனால் சூடு. சூடானால் சீஸ். பாதுகாப்புக்காக ஊற்றிய ஆயில், ஜெட்டை மாற்றாவிட்டால், ஆபத்தின் பக்கம் அரை அடி தள்ளுகிறது.

இதுவரை சொன்னது பழைய பெட்ரோலின் கதை. இப்போது பங்கில் கிடைப்பது வேறு.

2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனை தொடங்கியது. 2025-ல் நாடு முழுவதும் அதுவே சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க உத்தரவிட வேண்டும் என்று தாக்கலான பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ந் தேதி தள்ளுபடி செய்தது. கரும்பு விவசாயிக்கு வருமானம், கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவில் மிச்சம் என்று அரசின் காரணங்கள் வலுவானவை. மைலேஜ் இழப்பு சொற்பம், பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்றவேண்டி வரலாம் என்பது பெட்ரோலிய அமைச்சகத்தின் விளக்கம். பெரும்பாலான கார், பைக்குகளுக்கு இது போதுமான பதிலாக இருக்கலாம். ஆனால் பெட்ரோலையே ஆயிலின் வாகனமாக வைத்திருக்கும் இன்ஜினைப் பற்றி இந்த விளக்கம் பேசவில்லை. சாலையில் அவற்றின் எண்ணிக்கை குறைவு என்பதால் இருக்கலாம்.

எத்தனாலுக்கும் மாட்டுங்காவுக்கும்கூட சம்பந்தம் இருக்கிறது. இங்கேயுள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி, பழைய ஆட்களுக்கு யுடிசிடி, பயிர்க் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அதன் செயல்விளக்க ஆலை 2016-ல் உத்தராகண்டின் காஷிபூரில் திறக்கப்பட்டது. பெட்ரோலைச் சுத்திகரிக்கும் ஆலைகளோ செம்பூரை ஒட்டிய மாஹுலில். டாங்குக்குள் சேரும் இரண்டு திரவங்களுக்கும் மும்பையில் விலாசம் உண்டு.

டூ ஸ்ட்ரோக்குக்குச் சிக்கல் இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, எரிவதற்கான காற்றின் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனிடம் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. இ20-க்கு இது 13.5 அளவில் வருகிறது. அதே ஜெட், அதே காற்று. ஆனால் இன்ஜின் இப்போது ஏழெட்டு சதவீதம் லீன். ஊசி முனையில் பெட்ரோலைப் பீய்ச்சும் நவீன வண்டிகளில் சென்சார் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். 1985-ஆம் ஆண்டின் கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. பயந்துபோய் ஆயிலை இரட்டிப்பாக்கினால் மேலும் 2 சதவீதம் லீன். கூட்ட வேண்டியது ஆயிலை அல்ல, ஜெட்டை. மெயின் ஜெட்டை ஒரு அளவோ இரண்டு அளவோ பெரிதாக்கி, நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கு, மாட்டுங்கா ஓட்டல்களில் டபராவில் தரும் டிகிரி காபி நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் லீன். ஈரமான கறுப்பாக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். எத்தனால் பெட்ரோலில் இந்த நிறம் முன்போல அழுத்தமாக விழுவதில்லை. வெளிறிய பழுப்பு என்றாலே திருப்திப்படலாம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 87. உசத்திப் பெட்ரோல் 93. இ20-க்குத் தர நிர்ணயப்படி குறைந்தது 95. நாக்கிங் என்ற வகையில் இன்றைய பெட்ரோல் பழையதைவிட நல்லது. அழுத்தம் அதிகமுள்ள மோட்டோகிராஸ் இன்ஜினுக்கு இது வரவு. அன்று சில இடங்களில் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து விற்றவர்களால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்த கதைகளை மறந்துவிட்டு, பழைய பெட்ரோல் அமிர்தம் என்று பேசுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது சிக்கல்தான் மும்பைக்கே உரியது. தண்ணீர். பெட்ரோலும் தண்ணீரும் சேராது. எத்தனாலும் தண்ணீரும் சேரும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீரைத் தன்னுள் ஒளித்து வைத்துக்கொள்ளும். இ20 இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். எல்லையைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். ஆயில் யாரோடு போகும்? பெட்ரோலோடு மேலேயே நிற்கும். டாங்கின் குழாய் இழுப்பதோ அடியிலிருந்து. ஆக, முதல் உதையில் கார்புரேட்டருக்குள் இறங்குவது ஆயிலே இல்லாத, சாராயமும் தண்ணீரும் கலந்த ஒரு கரைசல். கிளம்பாமல் போனால் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். கிளம்பி ஓடினால் பேரிங் காய்ந்து ஓடும். காற்றின் ஈரத்தைவிட, விரிசல் விட்ட மூடி ரப்பர் வழியாக இறங்கும் மழைநீர்தான் இதில் பெரிய குற்றவாளி. சொற்பச் செலவில் முடிகிற சின்ன வேலை என்று தள்ளிப்போடப்படும் மூடி வாஷர்தான், ரீபோர் செலவைத் தீர்மானிக்கிறது.

எனவே ஜூனுக்கு முன் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். வண்டியை வாரா வாரம் ஓட்டுவதாக இருந்தால் டாங்கை நிரப்பி வையுங்கள்; காலியிடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும். நாலு மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் டாங்கை வடித்து, பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் டாங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் போதும். இரண்டு அடுக்கு தெரிந்தால் அதைக் குலுக்கிக் கலந்து ஓட்டலாம் என்ற நினைப்பே வேண்டாம். கலவையைக் கேனில் போட்டு மாதக்கணக்கில் வைப்பதும் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கலாம்.

கலப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பங்கில் ஆயிலை நேராக டாங்கில் ஊற்றிவிட்டுப் பெட்ரோல் பிடிப்பதும், பிறகு வண்டியை இடமும் வலமும் ஆட்டுவதும் நாம் பார்த்து வளர்ந்த காட்சி. சரியான முறை, ஒரு கேனில் பாதிப் பெட்ரோல், அளந்த ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல். அளவுக்கு இருமல் மருந்து மூடியோ, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி போடாத பெரிய சிரிஞ்சோ போதும். கண் அளவு சமையலுக்குச் சரி.

எந்த ஆயில்? டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜப்பானியத் தரமான ஜாசோவில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று படிகள் உண்டு. எஃப்சி புகை குறைவு. எஃப்டி அதோடு அதிகச் சூட்டிலும் கரி படியவிடாது. காற்றால் குளிரும் பழைய பைக்குக்கும் மண் தடத்துக்கும் எஃப்டி நல்ல தேர்வு. 'டிசி-டபிள்யூ3' என்று போட்டிருந்தால் அது படகு இன்ஜினுக்கு. தண்ணீரால் குளிரும் அந்த இன்ஜினின் சூடு குறைவு. ராமேஸ்வரத்துப் படகுக்குச் சரியான ஆயில், நாசிக் மண் தடத்துக்குச் சரியல்ல. கையில் கிடைத்தது என்று நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலை பெட்ரோலில் ஊற்றுவது மகா பாவம். அதில் உள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்து சாம்பலாகி பிளக்கின் இடைவெளியை அடைத்துவிடும்.

ரேஸ்காரர்களின் பழைய காதல் வேறு: ஆமணக்கெண்ணெய். வீட்டில் விளக்கெண்ணெய் என்று குழந்தையின் மூக்கைப் பிடித்துக் கொடுப்பதேதான். காஸ்ட்ரால் என்ற பெயரே 'காஸ்டர்' என்ற அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. உலகிலேயே மிக அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். அதிகச் சூட்டில் படலம் கிழியாமல் நிற்பதில் அதற்கு இணை குறைவு. பெட்ரோலோடு அவ்வளவாக ஒட்டாது. ஆனால் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால்தான் மெத்தனாலில் ஓடும் ஸ்பீட்வே பந்தய பைக்குகள் அதைக் கைவிடவில்லை. இதைப் படித்துவிட்டு இ20-ல் விளக்கெண்ணெய் ஊற்றக் கிளம்ப வேண்டாம். அது சூட்டில் பிசின்போல் கெட்டியாகி ரிங்கை ஒட்டிவிடும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்கிறவர்களுக்கே கட்டுபடியாகும். மினரல் ஆயிலோடு கலந்தால் இன்னும் மோசம்.

புகையை மறந்துவிட முடியாது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலே கணிசமாக வெளியேறுகிறது, அதோடு ஆயிலும். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் டெல்லியின் காற்றைப் பற்றிப் பிறப்பித்த உத்தரவில், அந்த ஆண்டு இறுதிக்குள் பங்குகளிலும் கராஜ்களிலும் 2டி ஆயிலைச் சில்லறையாக விற்பதை நிறுத்தவும், டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு முன்பே அளந்து கலந்த பெட்ரோல் தரவும் சொன்னது. 1999 ஏப்ரலில் குறைந்த புகை தரும் 2டி ஆயில் கட்டாயமானது. கையால் சுற்றும் அந்த ஆயில் பம்ப் மறைந்ததன் கதை இதுதான். ஆட்டோக்காரர் 'இன்ஜினுக்கு நல்லது' என்று கூட ஊற்றிய ஒவ்வொரு மில்லியும் யாரோ ஒருவரின் நுரையீரலுக்குப் போனது. இன்றும் எஃப்டி ஆயிலை அளந்து ஊற்றுபவருக்கும், கண்டதை மொண்டு ஊற்றுபவருக்கும் உள்ள வித்தியாசம் பின்னால் வருகிறவருக்குத் தெரியும்.

ஒரு இடத்தில் மட்டும் அளவு சரியாக இருந்தும் இன்ஜின் போகலாம். புனேயிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் மும்பைக்குத் திரும்புகிறீர்கள். எக்ஸ்பிரஸ்வேயில் இரு சக்கர வாகனத்துக்கு அனுமதியில்லை. கண்டாலாவில் இறக்கம் தொடங்குகிறது. ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடி, கியரில் வண்டியைப் பிடித்து கோப்போலி வரை இறங்குகிறீர்கள். நான்கு ஸ்ட்ரோக்கில் இது நல்ல பழக்கம். டூ ஸ்ட்ரோக்கிலோ ஆக்ஸிலேட்டர் மூடினால் பெட்ரோல் இல்லை, பெட்ரோல் இல்லாவிட்டால் ஆயிலும் இல்லை. இன்ஜின் மட்டும் சக்கரத்தின் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் டூ ஸ்ட்ரோக் கார்கள் செய்த காலத்தில், இதற்காகவே இறக்கத்தில் சக்கரத்தை இன்ஜினிலிருந்து விடுவிக்கும் 'ஃப்ரீவீல்' வைத்தது. நம் வண்டியில் அது கிளட்ச்தான். இறக்கத்தில் சில வினாடிகளுக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு திருகு திருகிவிடுங்கள். சத்தம் திடீரென்று மந்தமாகி, வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் தயங்கினால், யோசிக்காமல் கிளட்சை அழுத்தி ஓரம் கட்டுங்கள். அரை மணி நேரம் ஆறவிட்டால் பல சமயம் பிஸ்டன் பிழைத்துக்கொள்ளும்.